வங்கி, பணம், வளரும் நாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள், அங்கே வைப்புத்தொகை போட்டு வைத்திருப்பவர்கள், தொடக்கக் கல்லூரியில் பொருளியல் படிக்கும் பிள்ளைகள் எனப் பல பேர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் எத்தனை வங்கி, எவ்வளவு பணப்புழக்கம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. கடன் யார் கைக்குப் போகிறது, அது திரும்பாவிட்டால் நட்டம் யார் தலையில் விழுகிறது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

நான் போட்ட காசைத்தானே வங்கி எடுத்து இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறது?

பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் நடப்பது வேறு. ஒருவருக்கு 20,000 வெள்ளி கடன் கொடுக்கும்போது வேறு யாருடைய கணக்கிலிருந்தும் 20,000 குறைவதில்லை. கடன் வாங்கியவர் கணக்கில் 20,000 வரவு வைக்கிறார்கள், மறுபக்கம் அவர் 20,000 தர வேண்டும் என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த நொடியில் நாட்டின் பணம் 20,000 கூடிவிட்டது, அவர் கடனை அடைக்க அடைக்க அது குறையும். இங்கிலாந்து மத்திய வங்கி 2014-ல் இதை எளிய மொழியில் விளக்கி ஒரு கட்டுரையே வெளியிட்டது.

அப்படியானால் வங்கி இஷ்டத்துக்குக் கடன் கொடுக்கலாமா? முடியாது. கடன் வாங்கியவர் அந்தப் பணத்தை வேறு வங்கிக்கு மாற்றினால், இந்த வங்கி மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்பிலிருந்து கொடுத்தாக வேண்டும். கடன் வராமல் போனால் தாங்கிக்கொள்ள உரிமையாளர்களின் சொந்த மூலதனம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வாங்கி உருப்படியாக எதையாவது செய்து திருப்பித் தரக்கூடிய ஆள் வேண்டும். வளரும் நாடுகளில் இந்த மூன்றாவதுதான் சிக்கல். அப்படிப்பட்ட ஆட்கள் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறார்கள், யார் அப்படிப்பட்டவர் என்று வங்கிக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பணத்தை இப்படி உருவாக்க முடியும் என்றால் ஏழை நாட்டு அரசாங்கம் அச்சடித்தே முன்னேறலாமே?

இலங்கையைப் பாருங்கள். 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள், வரி வருமானம் சரிந்தது, அடுத்து கொரோனா வந்து சுற்றுலாவும் படுத்துவிட்டது. பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை, அதாவது குறுகியகாலக் கடன் பத்திரங்களை, வாங்கிப் பணத்தை இறக்கியது. உள்ளூர் ரூபாயை எவ்வளவு வேண்டுமானாலும் உருவாக்கலாம், டாலரை உருவாக்க முடியாது. எரிபொருளும் மருந்தும் உரமும் டாலரில்தான் வர வேண்டும். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 விழுக்காடு. 200 ரூபாயாக இருந்த டாலர் 360-க்குப் போனது.

இதில் அடிபட்டது யார்? ரூபாயில் சேமித்த ஓய்வூதியக்காரர்கள், ரூபாயில் சம்பளம் வாங்குகிறவர்கள். அதற்குப் பிறகு உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோதும், வங்கிகளிடம் இருந்த அரசுப் பத்திரங்களைத் தொடாமல், உழைப்பாளிகளின் ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த பத்திரங்களைத்தான் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். வங்கிகள் விழுந்தால் இன்னும் மோசமாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நட்டம் யார் தலையில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். 2023-ல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. முன்பே செய்திருக்க வேண்டும்.

வங்கிகள் பெருகினால் நாடு வளருமா, நாடு வளர்வதால் வங்கிகள் பெருகுமா?

இரண்டும் நடக்கும். 1993-ல் ராபர்ட் கிங், ராஸ் லெவின் என்ற இரு பொருளியலாளர்கள் 80 நாடுகளின் 1960 முதல் 1989 வரையிலான கணக்குகளை எடுத்துப் பார்த்து, ஆரம்பத்தில் நிதித்துறை ஆழமாக இருந்த நாடுகள் பின்னால் வேகமாக வளர்ந்தன என்று காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், தனியார் கடன் நாட்டின் மொத்த உற்பத்தி அளவை எட்டியபிறகு மேலும் கடன் கூடுவது வளர்ச்சிக்கு உதவுவதில்லை, கெடுக்கவும் செய்யலாம் என்று சொல்கின்றன. ஏழை நாடுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை, இந்தியாவே ஏறக்குறைய பாதி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், பட்டறை வாங்கக் கொடுத்த கடனும் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த கடனும் கணக்கில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்தியாவில் 1969-ல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது நல்லதா கெட்டதா?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே இந்த வாக்குவாதம் வரும். 1969 ஜூலை 19 அன்று, 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்பு வைத்திருந்த 14 வங்கிகளை இந்திரா காந்தி அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1980-ல் இன்னும் ஆறு. அதற்கு முன் பெரிய வங்கிகள் பலவும் பெரிய தொழில் குடும்பங்களின் கையில் இருந்தன, கிராமத்து விவசாயிக்கு வங்கி வாசலே தெரியாது. 1969-ல் நாடு முழுக்கச் சுமார் 8,200 கிளைகள், 1990-ல் ஏறக்குறைய 60,000. நடுவில் 1977-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஏற்கெனவே வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் கிளை திறக்க வேண்டும். அந்த விதி இருந்த காலத்தில் கிராமப்புற வறுமை குறைந்ததற்குக் கிளைகள் ஒரு காரணம் என்று ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நகைக்கடன், பயிர்க்கடன், மாட்டுக்கடன் என்று வங்கிப் படியேறிய முதல் தலைமுறை அந்தக் காலத்தில் உருவானதுதான். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1990 வாக்கில், வங்கிக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாய் வைப்பிலும் 15 ரூபாய் ரிசர்வ் வங்கியில் இருப்பாகவும், 38 ரூபாய் 50 காசு அரசுப் பத்திரங்களிலும் போக வேண்டும் என்று சட்டம். ஆக, பாதிக்கு மேல் அரசாங்கத்தின் பக்கமே போய்விடும். மிச்சம் இருந்ததில் 40 விழுக்காடு வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு. இதற்கு நடுவே 1990-ல் 10,000 ரூபாய் வரையிலான விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தார்கள், திருப்பிக் கட்டும் பழக்கம் அதோடு கெட்டது. 1991-ல் வங்கித் துறையை ஆராய்ந்த நரசிம்மம் குழு வந்து இதையெல்லாம் தளர்த்தச் சொன்னது.

எனக்குக் கோபம் வருவது அதற்குப் பின்னால் நடந்ததில். 2000-களின் நடுவில் அரசு வங்கிகள் மின்நிலையம், சாலை, எஃகு என்று பெரிய நிறுவனங்களுக்கு அள்ளிக் கொடுத்தன. 2018 மார்ச்சில் இந்திய வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11.2 விழுக்காட்டைத் தொட்டது. 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி ரூபாய் மூலதனத் திட்டத்தை அறிவித்துத்தான் அரசு வங்கிகளைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது, அதில் பெரும்பகுதி மக்கள் பணம். கல்விக் கடன் வாங்கிய பையன் மூன்று தவணை தவறினால் வீட்டுக்கு ஆள் வரும், பல்லாயிரம் கோடி வாங்கியவருக்குக் கூடுதல் அவகாசமும் மறுசீரமைப்பும் கிடைத்தன. 2016-ல் திவால் சட்டம் வந்து, வங்கிகள் பழைய கடன்களைக் கணக்கிலிருந்து எடுத்துத் தள்ளியபிறகுதான் நிலைமை மாறியது, 2024 மார்ச்சில் வாராக்கடன் 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது.

ஆகவே கேள்விக்கு என் பதில்: கிளைகளைப் பரப்பியது நல்லது, கடன் முடிவை அரசியல் கையில் கொடுத்தது கெட்டது.

செட்டியார்கள் செய்ததும் வங்கித் தொழில்தானே? சிலர் புகழ்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள்.

வங்கித் தொழில்தான், அதுவும் கெட்டிக்காரத்தனமான வங்கித் தொழில். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் ஒரே நீளக் கூடத்துக்குள் பல நகரத்தார் (செட்டியார்) நிறுவனங்கள், ஆளுக்கொரு மரப்பெட்டியும் சாய்வு மேசையும் பேரேடும் வைத்துக்கொண்டு நடத்தின. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வார்கள். ஐரோப்பிய வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத சிறு வியாபாரிக்கும் சிறு தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்தார்கள். யார் நாணயமானவர் என்ற விவரம்தான் அவர்களுடைய உண்மையான மூலதனம். டேங்க் ரோட்டில் 1859-ல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் அவர்கள் கட்டியது, கோயிலைச் சுற்றி ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததால் தங்களுக்குள் பணம் கைமாற்றிக்கொள்ளவும் எளிதாக இருந்தது.

பர்மாவில் நடந்ததுதான் கசப்பான கதை. ஐராவதி கழிமுகத்தில் காட்டை அழித்து வயலாக்கி, பர்மாவை உலகத்துக்கே அரிசி அனுப்பும் நாடாக்கியதில் செட்டியார் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-ல் உலகப் பொருளியல் மந்தத்தோடு அரிசி விலை விழுந்தது. எல்லா விவசாயியும் ஒரே நேரத்தில் கட்ட முடியாமல் போக, அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1938-க்குள் கால்பங்காகிவிட்டது. அவர்களுக்கும் நிலம் தேவைப்படவில்லை, ரொக்கம்தான் வேண்டும், நிலத்தில் மாட்டிக்கொண்ட பணம் சுழலாது. பர்மிய விவசாயிக்கு அந்நியன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்ற வேதனை, அதிலும் நியாயம் இருக்கிறது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது உயிர் பிழைத்தால் போதும் என்று கிளம்பியவர்கள் பலர், சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் அரசுடைமையாகி எல்லாம் போனது.

இன்றைக்கும் ஒரே பயிரை, ஒரே கனிமத்தை நம்பியிருக்கும் நாடுகளில் வங்கிகளுக்கு இதே ஆபத்து இருக்கிறது. விலை விழுந்தால் கடனும் அடமானமும் ஒன்றாக விழும், மத்திய வங்கி கைகொடுக்காவிட்டால் தப்பிக்க வழியே இல்லை.

ஏழை நாடுகளில் கடன் வட்டி ஏன் இவ்வளவு அதிகம்? அரசாங்கம் உச்சவரம்பு போட்டால் என்ன?

பணவீக்கம் அதிகம், நிலத்துக்கு ஒழுங்கான பட்டா இல்லை, நீதிமன்ற வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் அலுவலகச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம், அரசாங்கமே நல்ல வட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தால் வங்கி எதற்குக் கடைக்காரரைத் தேடிப் போக வேண்டும்?

உச்சவரம்பைக் கென்யா போட்டுப் பார்த்தது. 2016-ல் மத்திய வங்கி வட்டிக்கு மேல் 4 விழுக்காட்டுக்கு மிகாமல்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வங்கிகள் சிறுதொழிலுக்குக் கொடுப்பதைக் குறைத்துவிட்டு அரசுப் பத்திரத்தில் பணத்தைப் போட்டன. 2019-ல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கந்துவட்டி வேறு விஷயம், அதில் மிரட்டலும் அடிதடியும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் உண்டு, இங்கே சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவர்களைச் சட்டம் கடுமையாகத் தண்டிக்கிறது, இரண்டையும் நான் ஆதரிக்கிறேன்.

எல்லாருக்கும் வங்கிக் கணக்கு, கைபேசிப் பணம், மகளிர் குழுக் கடன், இவையெல்லாம் வறுமையை ஒழித்தனவா?

ஒழிக்கவில்லை, ஆனால் உதவின. இந்தியாவில் 2011-ல் பெரியவர்களில் 35 விழுக்காட்டினரிடம்தான் கணக்கு இருந்தது, எல்லாருக்கும் கணக்கு திறக்கும் ஜன் தன் திட்டத்துக்குப் பிறகு 2021-ல் அது 78 விழுக்காடு. அதே ஆண்டு அந்தக் கணக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கென்யாவின் கைபேசிப் பணச் சேவையான எம்-பெசா 2007-ல் வந்தது, அதனால் 2 விழுக்காட்டுக் குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்ததாக 2016-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பெண்களுக்குக் கூடுதல் பலன். சிறுகடனைப் பற்றி ஆறு நாடுகளில் கவனமாகச் செய்த ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தன, கொஞ்சம் உதவுகிறது, வாழ்க்கையைப் புரட்டிப் போடுவதில்லை என்பது அவற்றின் முடிவு. 2010-ல் ஆந்திராவில் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுத்து, வசூலிலும் நெருக்கி, உயிர்கள் போன பிறகுதான் அரசாங்கம் தலையிட்டது. கடன் கொடுப்பது எல்லாமே நன்மை என்று நினைப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூரும் 1965-ல் வளரும் நாடுதானே? இங்கே மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

முதலில் நாணயத்தின் மேல் நம்பிக்கை. 1967-ல் சிங்கப்பூர் வெள்ளி வந்தபோது, வெளியிடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஈடாக வெளிநாட்டுச் சொத்து இருக்க வேண்டும் என்று நாணய வாரியத்துக்கு விதி வைத்தார்கள். அரசாங்கம் செலவுக்கு அச்சடிக்க வழியே இல்லை. 1971-ல் சிங்கப்பூர் நாணய ஆணையம் வந்தது. 1981 முதல் ஆணையம் வட்டி விகிதத்துக்குப் பதிலாக நாணய மாற்று விகிதத்தை வைத்துப் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது, சாப்பாடு முதல் கட்டுமானப் பொருள் வரை இறக்குமதி செய்யும் ஊருக்கு அதுதான் பொருந்தும்.

இரண்டாவது, சேமிப்பு எங்கே போனது என்பது. 1955-ல் தொடங்கிய மத்திய சேம நிதியில் 1984-ல் முதலாளி 25, தொழிலாளி 25 என்று சம்பளத்தில் பாதியளவு போனது. 1877-லிருந்து இருக்கும் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு போட்டார்கள். அந்தப் பணம் வீடாகவும் துறைமுகமாகவும் தொழிற்பேட்டையாகவும் ஆனது. 1968-ல் டிபிஎஸ் வங்கியைத் தொடங்கியதே வணிக வங்கிகள் கொடுக்கத் தயங்கிய நீண்டகாலத் தொழில் கடனைக் கொடுக்கத்தான். அரசு வங்கி என்றாலே நாசம் என்பவர்களுக்கு இதுதான் பதில், அரசு நடத்தியும் கடன் முடிவைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டால் நடக்கும்.

ஆனால் இதை அப்படியே மற்ற நாடுகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. கிராமமே இல்லாத நகர நாடு இது, பயிர்க்கடன் சிக்கல் இங்கே கிடையாது. கட்டாயச் சேமிப்புக்கு மாதச் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும், அன்றாடங்காய்ச்சிகள் நிறைந்த நாட்டில் யாரிடம் பிடிப்பது?

வங்கி விழுந்தால் என் பணம் என்ன ஆகும்?

அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1997 நவம்பர் 1 அன்று இந்தோனேசியா 16 வங்கிகளை ஒரே நாளில் மூடியது. சிறு வைப்புகளுக்கு மட்டும் உத்தரவாதம். அடுத்து எது மூடப்படுமோ என்ற பயத்தில் மக்கள் நல்ல வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுத்தார்கள், சில மாதம் கழித்து எல்லா வைப்புக்கும் உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1998-ல் நாட்டின் பொருளியல் சுமார் 13 விழுக்காடு சுருங்கியது.

இதற்கு நேர்மாறாகக் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி. 1926-ல் தொடங்கிய வங்கி, கடன்கள் கெட்டு 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், 27-ஆம் தேதி, டிபிஎஸ்-இன் இந்தியப் பிரிவோடு சேர்த்தார்கள், சிங்கப்பூர் வங்கி 2,500 கோடி ரூபாய் மூலதனம் போட்டது. வைப்பாளர் ஒருவருக்கும் நட்டமில்லை. பங்குகளின் மதிப்போ முழுக்கப் பூச்சியம், கரூர்ப் பக்கம் தலைமுறையாகப் பங்கு வைத்திருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி.

வங்கி விழுந்தால் வைப்புக்குக் கிடைக்கும் காப்புறுதி வரம்பு: சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் வெள்ளி, இந்தியாவில் 2020 முதல் 5 லட்சம் ரூபாய்.

நான் அனுப்பும் பணம் ஊரின் பொருளியலுக்கு என்ன செய்கிறது? வங்கியை விட்டு உண்டியலில் (உரிமம் இல்லாத கைமாற்று வழியில்) அனுப்பினால் என்ன குறைச்சல்?

இந்தியாவுக்கு 2022-ல் வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பியது 100 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல். வங்கி வழியாகப் போகும்போது டாலர் நாட்டின் கையிருப்பில் சேருகிறது. உண்டியலில் போனால் வீட்டுக்கு ரூபாய் கிடைத்துவிடும், ஆனால் டாலர் உள்ளே வராது. இலங்கையில் 2021-ல் அதிகாரபூர்வ விகிதத்தை 200-க்குப் பக்கத்தில் பிடித்து வைத்தபோது உண்டியல்காரர்கள் அதைவிட அதிகம் கொடுத்தார்கள், மக்கள் அந்தப் பக்கம் போனார்கள். வங்கி வழி வந்த பணம் 2020-ல் 7.1 பில்லியன் டாலர், 2022-ல் 3.8 பில்லியன். அனுப்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விகிதத்தைப் பிடித்து வைத்தவர்கள் செய்த தவறு அது. ஆனால் சிங்கப்பூரில் உரிமம் இல்லாத பணமாற்று குற்றம், கைமாறும் பணம் மோசடிப் பணமாக இருந்தால் ஊரில் உங்கள் வீட்டார் கணக்கே முடங்கலாம். 2023 பிப்ரவரியில் கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ இரண்டுக்கும் இணைப்பு வந்துவிட்டது, உண்டியலைத் தேடிப் போவதற்குக் காரணம் குறைந்துகொண்டே வருகிறது.

ஊரில் 7 விழுக்காடு வட்டி கொடுக்கிறார்கள், அங்கேயே போட்டு வைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2010-ல் ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 33 ரூபாய். 10 லட்சம் போட உங்களுக்கு 30,300 வெள்ளி ஆகியிருக்கும். ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால் 14 ஆண்டில் அது 25.8 லட்சம். 2024-ல் வெள்ளிக்கு ஏறக்குறைய 62 ரூபாய் 50 காசு, ஆக கையில் ஏறக்குறைய 41,300 வெள்ளி. வெள்ளிக் கணக்கில் ஆண்டுக்கு 2.2 விழுக்காடுதான், மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கே 2.5 கொடுக்கிறது. கூடுதல் வட்டி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, அங்கே பணவீக்கம் அதிகம், ரூபாய் சரியும் என்பதற்கான ஈடு.

ஊரில் செலவு இருக்கிறது, வீடு கட்டப் போகிறீர்கள், ஓய்வுக்கு அங்கேதான் போவீர்கள் என்றால் ரூபாயில் வைப்பது சரிதான், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான ரூபாய்க் கணக்கான என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. ரூபாய் சரிவு வேண்டாம் என்றால் எஃப்சிஎன்ஆர் வைப்பில் வெளிநாட்டு நாணயமாகவே வைக்கலாம், ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை. 12, 15 விழுக்காடு தருகிறோம் என்று உள்ளூர் நிதி நிறுவனம் ஏதாவது ஆள் அனுப்பினால், 5 லட்சம் காப்புறுதி அதற்குப் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். அந்தக் காப்புறுதி வங்கிகளுக்கு மட்டும்தான், காப்புறுதி பெற்ற வங்கிகளின் பட்டியலை இந்தியாவின் வைப்புக் காப்புறுதிக் கழகமே (DICGC) வெளியிடுகிறது, பணம் அனுப்புவதற்கு முன்னால் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.